எந்த ஊர் என்று கேட்டால்

நேயர்களுக்கு வணக்கம்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேச்சுக் கொடுத்தால் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த ஊர்?" என்றுதான். முப்பது வருடமாகச் சென்னையில் வீடு, ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இருக்கும். ஆனாலும் "சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம்" என்போம். அங்கே இன்று நமக்கென்று ஒரு குட்டிச்சுவர்கூட இருக்காது. இருந்தாலும் அதுதான் ஊர்.

பவுல் அப்போஸ்தலன் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுதினார். "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது." பிலிப்பியர் 3ஆம் அதிகாரம், 20ஆம் வசனம். அடக்க ஆராதனையில் அடிக்கடி வாசிக்கிற வசனம். கல்லறைத் தோட்டத்திலேயே கேட்டுக் கேட்டு, இது செத்த பிறகு போகிற இடத்தைப் பற்றிய பேச்சு என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பில் பல வருடங்களாக நான் இதை மறுத்துச் சொல்லி வருகிறேன். இன்றும் அதையே சொல்லப் போகிறேன்.

பிலிப்பி எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? மக்கெதோனியாவில் இருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கிரேக்கம் பேசுகிற பூமி. கி.மு. 42இல் அந்த ஊருக்கு வெளியே பெரிய யுத்தம் நடந்தது. ஜெயித்தவர்கள், வேலை முடிந்த சிப்பாய்களுக்கு அங்கேயே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அன்றிலிருந்து அது ரோமக் குடியேற்றம். சட்டம் ரோமச் சட்டம், கல்வெட்டு லத்தீன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரோமைக் கண்ணால் பார்க்காதவன்கூட "நாங்கள் ரோமர்" என்பான். அந்தப் பெருமையைப் பவுல் தன் முதுகிலேயே வாங்கினார்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம். பவுலையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் பிலிப்பியின் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டு போய், "ரோமராகிய நாம்" ஏற்கத்தகாத வழக்கங்களை இவர்கள் போதிக்கிறார்கள் என்றுதான் குற்றம் சாட்டினார்கள். விசாரணை இல்லை. வஸ்திரத்தைக் கிழித்து, கோலால் அடித்து, உட்காவலறையில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் இருவரும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, சிறைச்சாலைக்காரன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். இதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மறுநாள் காலை. "அவர்களை விட்டுவிடு" என்று அதிகாரிகள் ஆள் அனுப்புகிறார்கள். பவுல் போக மறுக்கிறார். ரோமராகிய எங்களை விசாரியாமல் ஊர் பார்க்க அடித்தீர்கள், இப்போது ரகசியமாய் அனுப்புவீர்களோ? அப்படியல்ல, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்கிறார். அப்போதுதான் ஊருக்கே தெரிகிறது, அடிபட்ட மனுஷன் ரோமக் குடிமகன் என்று. அதிகாரிகள் பயந்து, நேரில் வந்து கெஞ்சினார்கள்.

கவனியுங்கள். குடியுரிமை கையில் இருந்தது. பிலிப்பியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை நீட்டியதாக வேதத்தில் இல்லை. அடி விழுந்து முடிந்த பிறகு நீட்டினார். அந்த ஊர் விசுவாசி லீதியாளின் வீட்டில் கூடிய அந்தச் சின்னச் சபையை இனி யாரும் எளிதில் தொடக்கூடாது என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். அதே மனுஷன் அதே ஊருக்குத்தான் பின்னால் எழுதுகிறார், நம் குடியிருப்பு பரலோகத்தில் என்று. குடியிருப்பு என்றதும் நமக்குப் போலீஸ் குடியிருப்பு, ஆசிரியர் குடியிருப்புதான் நினைவுக்கு வருகிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது குடியுரிமையைச் சொல்லும் சொல். பொதுமொழிபெயர்ப்பில் "விண்ணகமே தாய்நாடு" என்று போட்டிருக்கிறார்கள்.

அப்புறம், பிலிப்பியில் இருந்த ரோமன் மூட்டை கட்டிக்கொண்டு ரோமுக்குப் புறப்படக் காத்திருக்கவில்லை. இருந்த இடத்தில் ரோமனாக வாழ்ந்தான். வசனமும் அப்படித்தான் போகிறது: "அங்கேயிருந்து" இரட்சகர் வருகிறார். அங்கிருந்து இங்கே. மறுபடியும் சொல்கிறேன், அங்கிருந்து இங்கே!

என் அப்பா பள்ளி ஆசிரியர். மாற்றல் மேல் மாற்றல். போன வாடகை வீட்டிலெல்லாம் அம்மா ஒரு கொய்யாக் கன்று நட்டுவிடுவார். காய்க்கும் முன்னே அடுத்த ஊர். "நாம பறிக்கவா போறோம்?" என்று ஒருமுறை கேட்டேன். கை மண்ணைத் தட்டிக்கொண்டே, "வர்ற பிள்ளைங்க பறிக்கட்டும்" என்றார். பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியதும் இதேதான்: தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். 29ஆம் அதிகாரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள், நேரம் குறைவு. வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.பி. 410இல் கோத் இனத்து அரசன் அலாரிக் ரோமைச் சூறையாடினான். ரோம் விழாது என்று நம்பிய கிறிஸ்தவர்களும் கலங்கிப்போனார்கள். 413 தொடங்கிப் பதின்மூன்று வருடம் அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்ற நூலை 22 பகுதிகளாக எழுதினார். பரலோக நகரத்தின் மக்கள் இங்கே வழிப்போக்கர்கள்தான், ஆனாலும் இந்த ஊரின் சமாதானம் அவர்களுக்கும் வேண்டும் என்றார். 430இல் அவர் சாகும்போது அவருடைய ஊரையே எதிரிகள் முற்றுகையிட்டிருந்தார்கள்.

கடைசியாக ஜெர்மனி. ஹிட்லர் காலத்தில் தேசத்தையும் இனத்தையும் பலிபீடத்தில் ஏற்றிவைத்த சபையார் இருந்தார்கள். அதை எதிர்த்து 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடிய சபையார், கிறிஸ்துவைத் தவிர வேறு எஜமானுக்கு உரிய பகுதி எங்கள் வாழ்வில் எதுவும் இல்லை என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதை எழுதியதில் பெரும்பங்கு இறையியலாளர் கார்ல் பார்த்துடையது. அவரைப் பற்றித்தான் நிறைய வைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது.

இன்று இரவு ஜெபத்தில் அந்த எரேமியா அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வணக்கம்.