பர்க் என்றொரு வினைச்சொல்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஆங்கில நாடாளுமன்றப் பேச்சுகளைப் படித்தால், 'இந்தக் கேள்வியை அரசு பர்க் செய்யப் பார்க்கிறது' என்பது போல எங்காவது ஒரு வரி தட்டுப்படும். விஷயத்தை வெளியே வரவிடாமல் அமுக்குகிறார்கள் என்று பொருள். வங்காள கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டிய எட்மண்ட் பர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவன் வில்லியம் பர்க், கொலைகாரன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ, 1827. மருத்துவப் படிப்புக்குப் பேர்போன ஊர். அறுத்துப் படிக்கச் சட்டப்படி கிடைத்த சடலங்கள் போதவில்லை. அதனால் புதைத்த உடலைத் தோண்டி விற்பவர்கள் பெருகினார்கள். வசதியுள்ளவர்கள் புதைகுழிமேல் இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டினார்கள்.

பர்க்கின் கூட்டாளி ஹேர் நடத்திய விடுதியில், 4 பவுண்டு வாடகை பாக்கியோடு ஒரு முதியவர் நோயில் இறந்தார். உடலை உடற்கூறு ஆசிரியர் ராபர்ட் நாக்ஸிடம் கொண்டுபோனார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங். இனி யாராவது தானாகச் சாகும்வரை ஏன் காத்திருப்பானேன்?

அடுத்த ஆண்டில் 16 பேர். ஆளுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுப்பார்கள். மயங்கியதும் ஒருவன் மார்மேல் படுத்து அழுத்துவான், மற்றவன் மூக்கையும் வாயையும் பொத்துவான். காயமில்லாத, புத்தம்புதுச் சடலம். 10 பவுண்டு வரை போனது. எங்கிருந்து வந்தது என்று நாக்ஸ் தரப்பில் யாரும் துருவவில்லை.

பிடிபட்டதும் ஹேர் அப்ரூவராகித் தப்பினான். 1829 ஜனவரி 28-ல் பர்க்கைத் தூக்கிலிட்டார்கள். சுற்றி நின்ற கூட்டம் அப்போதே அவன் பெயரை, மூச்சை அடைத்துக் கொல்வது என்ற பொருளில், வினைச்சொல்லாக்கிக் கத்தியது. அவன் உடலையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்னும் எடின்பரோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நாக்ஸ் மீது வழக்கே இல்லை. ஜனங்கள் அவருடைய உருவபொம்மையை எரித்ததோடு சரி. என்னைக் கேட்டால், விஷயத்தை அமுக்குவது என்ற, அந்த வினைச்சொல்லின் இரண்டாவது பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

1832-ல் உடற்கூறு சட்டம் வந்தது. உரிமை கோர ஆளில்லாத உடல்களைப் படிப்புக்குத் தரலாம் என்றானதும், சடலத்துக்காகக் கொல்ல வேண்டிய லாபம் போயிற்று. ஆனால் சொல் சாகவில்லை. விசாரணை, அறிக்கை, விவாதம் ஆகியவற்றின் கழுத்தை நெரிக்கப் போய்விட்டது.

ஒன்று மட்டும். லண்டனில் யாராவது உங்களைப் பார்த்து 'பர்க்' என்றால் பதற வேண்டாம். அது எழுத்தும் பிறப்பும் வேறான சொல். முட்டாள் என்று திட்டுகிறார், அவ்வளவுதான். வணக்கம்.