செண்டுமல்லியும் மத்த மேரிகோல்டுகளும்

வணக்கம் நேயர்களே. ஆயுத பூஜைன்னா ஆட்டோவுல இருந்து லேத் பட்டறை வரைக்கும் தொங்குமே செண்டுமல்லி, சில ஊர்ல துலுக்க சாமந்தின்னும் இங்கிலீஷ்ல மேரிகோல்டுன்னும் சொல்லுவாங்க, அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறேன். பார்த்தா நம்ம கோயில் வாசல்லயே பொறந்து வளர்ந்த பூ மாதிரி இருக்கும், ஆனா இதுக்கு சொந்த ஊரு மெக்சிகோ பக்கம். அங்க நவம்பர் 1, 2 தேதியில செத்துப்போனவங்களுக்கு படையல் போடுறப்ப இதே பூவைத்தான் குவிச்சு வைப்பாங்க. விதை பாக்கெட்டுல ஆப்பிரிக்கன், பிரெஞ்சுன்னு போட்டிருக்கும், அதை நம்பாதீங்க, ரெண்டுமே அமெரிக்க கண்டத்து செடிதான், உயரமா பெரிய பூவா வர்றது ஆப்பிரிக்கன், குட்டையா செம்பழுப்பு கலந்து பூக்குறது பிரெஞ்சு, அவ்ளோதான்.

இதுல எனக்குப் பெரிய தலைவலி காலெண்டுலான்னு ஒரு செடி, இங்கிலீஷ்ல அதையும் மேரிகோல்டுன்னு சொல்லுவாங்க. ஆன்லைன்ல மேரிகோல்டு கிரீம், மேரிகோல்டு டீன்னு பார்த்துட்டு, பூஜைக்கு வாங்கி மிஞ்சின செண்டுமல்லியை எடுத்து கொதிக்க வச்சு குடிக்கிறவங்க இருக்காங்க. அட, அந்த டப்பாவுல பெரும்பாலும் இருக்கிறது காலெண்டுலாங்க, அது மத்தியதரைக்கடல் பக்கத்து செடி, ஐரோப்பாவுல குங்குமப்பூ வாங்க வசதியில்லாதவங்க அதோட இதழைப் போட்டுத்தான் சூப்புக்கும் வெண்ணெய்க்கும் கலர் ஏத்துனாங்க. நம்ம செண்டுமல்லி வேற செடி, அதுவும் மாலைக்கு வர்ற பூவுல என்ன பூச்சிமருந்து அடிச்சாங்களோ யாருக்குத் தெரியும்.

சந்தேகம் வந்தா விதையைப் பாருங்க. செண்டுமல்லி விதை கறுப்பா ஊசி மாதிரி நீளமா இருக்கும், நுனியில வெளுத்த குஞ்சம் ஒட்டியிருக்கும். காலெண்டுலா விதை பழுப்பா, வளைஞ்சு சுருண்டு, முதுகுல முள்ளு முள்ளா இருக்கும். இலையும் அப்படித்தான், செண்டுமல்லி இலை சீப்பு மாதிரி பிரிஞ்சிருக்கும், கசக்கினா வாசனை மூக்கைத் துளைக்கும், காலெண்டுலா இலை பிரியாம நீளமா லேசா பிசுபிசுன்னு இருக்கும். ஐரோப்பாவுல சதுப்பு நிலத்துல பூக்குற மார்ஷ் மேரிகோல்டுன்னு ஒண்ணு இருக்கு, அது இந்த ரெண்டுக்கும் குடும்பமே இல்ல, பச்சையா தின்னா விஷம்.

நம்ம விவசாயிகளுக்கு செண்டுமல்லிதான் உபயோகம். தக்காளியில 16 வரிசைக்கு ஒரு வரிசை இதை நட்டா காய்ப்புழுவோட தாய் அந்துப்பூச்சி முட்டை வைக்க இந்தப் பூவைத் தேடி வந்துடும், ஆனா தக்காளி பூக்குறப்ப இதுவும் பூத்திருக்கணும், அதனால தக்காளி நாத்து 25 நாள்னா இது 40 நாள் நாத்தா இருக்கணும். வேர்ல இருக்கிற ஒரு வேதிப்பொருள், மண்ணுல இருந்து வேரைத் தாக்குற நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். கர்நாடகாவுல குண்டலுபேட்டை பக்கம் ரோட்டோரமா ஏக்கர் கணக்குல ஆரஞ்சா தெரியுதே, அதுல நிறைய மாலைக்குப் போறதில்ல, ஃபேக்டரிக்குப் போகுது. லூட்டீன்னு ஒரு நிறமியைப் பிரிச்சு கோழித் தீவனத்துல கலக்குறாங்க, மஞ்சக்கரு நல்லா பளிச்சுன்னு வர்றதுக்கு.