தாயின் நடை

நேயர்களுக்கு வணக்கம்.

கோவலன் கடலாடப் போனபோது எதில் ஏறிப் போனான் என்று கேட்டால் தேர் என்பார்கள் சிலர், குதிரை என்பார்கள் சிலர். சிலப்பதிகாரம் வேறு சொல்கிறது. மாதவி வையம் என்ற வண்டியில் ஏறினாள். கோவலன் அத்திரியில் ஏறினான். அத்திரி என்றால் கோவேறு கழுதை. புகார் நகரத்துப் பெருவணிகனின் மகன், விழாக் கூட்டம் பார்த்திருக்க, காதலியோடு போகும்போது ஏறிப் போகத் தகுந்த விலங்கு என்று ஒரு காலத்தில் அதை மதித்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் நமக்குப் பொதியும் மலைப்பாதையும்தான் நினைவுக்கு வருகின்றன. கோபம் வந்தால் வசவாகவும் பயன்படுகிறது.

நான் கால்நடை மருத்துவன். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் தெற்கே, ஓசார்க் மலைப்பகுதியில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். அங்கே சவாரிக்கென்றே கோவேறு கழுதை வளர்க்கிறார்கள். 1995இல் அந்த மாநிலம் அதைத் தன் மாநில விலங்காகவே அறிவித்தது. அந்த வளர்ப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. ஆண் குதிரைக்கும் பெட்டைக் கழுதைக்கும் பிறப்பது வேறு. ஆங்கிலத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு, அதை வளர்ப்பவர்கள் குறைவு. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. குட்டிக்கு 63. ஒற்றைப்படையில் நிற்பதால் சரியாக ஜோடி சேராது, அதனால்தான் மலடு. விதிவிலக்காக எப்போதாவது ஒரு பெட்டை ஈன்றதுண்டு, 2007இல் கொலராடோவில் ஒன்று ஈன்றது. ஆனால் அதை நம்பி யாரும் பண்ணை வைப்பதில்லை. ஒவ்வொரு கோவேறு கழுதைக்கும் புதிதாக ஒரு குதிரைத் தாய் வேண்டும்.

நான் போன புதிதில் அந்தத் தாயைத் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு எரிச்சலூட்டியது. நொண்டுகிற குதிரையா, கடிக்கிற குதிரையா, கிட்டே போனால் காத தூரம் ஓடுகிறதா, அப்படியானால் கழுதைக்குச் சேர்த்துவிடு. நல்ல குதிரையை நல்ல ஆண் குதிரைக்கு வைத்துக்கொள்வார்கள், கழிவதைக் கழுதைக்குத் தள்ளுவார்கள். பிறகு பிறந்தது உதைக்கிறது, அடம்பிடிக்கிறது என்று கழுதையின் தலையில் பழி. 'தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம்' என்று நம்மூரில் சொல்வார்கள். இந்த ஒரு பழமொழியை அங்கே ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி வயது போனது.

அப்பன் கொடுப்பது காது, குரல், சின்னதாகக் கெட்டியான குளம்பு, ஓர் அடி வைக்கும் முன் நின்று யோசிக்கிற புத்தி. உயரத்தையும் முதுகையும் பெரும்பாலும் தாய் தீர்மானிக்கிறாள். நடை அவளுடையது. மிசூரி ஃபாக்ஸ் டிராட்டர் என்று ஒரு குதிரை இனம் அந்த மலைப்பகுதிக்கே உரியது. 1948இல் ஏவா என்ற சிற்றூரில் அதற்குப் பதிவேடு தொடங்கினார்கள். அதன் முன்கால்கள் நடக்கும், பின்கால்கள் ஓடும். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கலாம். ஏறிப் பார்த்தால், நிறைகுடம் சுமந்து பழகிய பெண் நடப்பதைப் போல, மேலே எதுவும் தளும்பாது. அந்த இனத்துப் பெட்டைக்குப் பிறந்த கோவேறு கழுதைகளில் பலவற்றுக்கு இந்த நடை வந்துவிடும். எல்லாவற்றுக்கும் வராது. ஆனால் தாய்க்கே இல்லாத நடை குட்டிக்கு எங்கிருந்து வரும்?

குணமும் அப்படியே. அதில் ரத்தம் பாதி, வளர்ப்பு பாதி. ஆறு மாதம் குட்டி தாயின் விலாவை ஒட்டியே திரிகிறது. மனிதன் வந்தால் தாய் காதை முன்னால் நீட்டுகிறாளா, பின்னால் மடக்குகிறாளா என்று பார்த்துப் பாலோடு சேர்த்துக் கற்றுக்கொள்கிறது.

இனி அப்பன். பொலிகாளை என்கிறோம் அல்லவா, அதைப்போலப் பொலிகழுதை என்று வைத்துக்கொள்வோம். நம் சலவைக்காரர் வீட்டுக் கழுதையை மனதில் வைக்காதீர்கள். அமெரிக்க மம்மத் கழுதை ஒரு நடுத்தரக் குதிரை உயரம் இருக்கும். அதன் கதை ஜார்ஜ் வாஷிங்டன் காலத்துக்குப் போகிறது. ராஜாவின் அனுமதியில்லாமல் ஸ்பெயினிலிருந்து பெரிய ஆண் கழுதைகளை வெளியே கொண்டுபோக முடியாத காலம் அது. 1785இல் மன்னர் மூன்றாம் சார்லஸ் ஒன்றை வாஷிங்டனுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். 'ராயல் கிஃப்ட்' என்று அதற்குப் பெயர். கடல் கடந்து வந்த கழுதையோ பெட்டைக் குதிரைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை! ராஜ வம்சமல்லவா, சாமானியர்களோடு சேருமா என்கிற தோரணையில் வாஷிங்டனே கடிதங்களில் கேலி செய்திருக்கிறார். பிறகு எப்படியோ வழிக்கு வந்தது; 1799இல் அவர் இறக்கும்போது பண்ணையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகள் இருந்தன.

என்னைக் கேட்டால் அது வம்சத் திமிர் அல்ல, பழக்கம். பருவத்துக்கு வந்த பெட்டைக் கழுதை வாயைத் திறந்து திறந்து மூடும், பல் தட்டும் சத்தம் கேட்கும். பெட்டைக் குதிரை அப்படிச் செய்யாது. கழுதைகளோடு மட்டுமே வளர்ந்த ஆணுக்குக் குதிரையின் பாஷை தெரியாது. அதனால் பொலிகழுதையாக வைக்க நினைக்கும் குட்டியைப் பால் மறந்ததும் குதிரைக்குட்டிகளோடு விட்டு வளர்ப்பார்கள். அப்படி வளர்ந்ததுகூட நிதானமாகத்தான் வேலையைத் தொடங்கும். அரை மணி நேரம் சும்மா நிற்கும். விரட்டக் கூடாது. அவசரக்காரர்கள் விந்தூசிக்குப் போய்விடலாம், பலரும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள்.

சினைக்காலம் பதினொரு மாதத்துக்குச் சற்று மேல். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈன்ற பிறகுதான் நான் பட்ட பாடு.

நம்மூரில் படித்த எந்தக் கால்நடை மருத்துவனும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வது ஒன்று: கன்று விழுந்தவுடன் சீம்பால் கொடு. இதே வானொலியில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! நானும் அதைத்தான் சொன்னேன். அங்கே போன முதல் வசந்த காலம். ஒரு பண்ணைக்காரர் இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டார். பெட்டை ஈன்றுவிட்டது, குட்டி எழுந்து நிற்கிறது, காது இரண்டும் முயல் காது மாதிரி தொங்குகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். சீம்பாலை வயிறு நிறையக் குடிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். மறுநாள் மாலை குட்டி தலையைத் தொங்கப் போட்டது. அதற்கடுத்த நாள் காலை நான் போனபோது உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு மஞ்சள் கிழங்கு உரசியது போல இருந்தது. சிறுநீர் சிவப்பாகப் போனது. மதியத்துக்குள் செத்துப்போனது.

காரணம் இதுதான். கழுதையின் சிவப்பணுக்களில் ஒரு பொருள் இருக்கிறது. குதிரையின் ரத்தத்தில் அது இல்லை. அப்பனிடமிருந்து அது குட்டிக்கு வருகிறது. முதல் ஈத்தில் குட்டியின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால், தாயின் உடல் அதை அந்நியம் என்று குறித்துக்கொண்டு எதிர்ப்புப் பொருள் செய்து வைக்கிறது. அடுத்த முறை கழுதைக்கே சினையானால் அந்த எதிர்ப்புப் பொருள் சீம்பாலில் வந்து இறங்குகிறது. எந்தப் பால் உயிர் காக்க வேண்டுமோ அதுவே குட்டியின் ரத்தத்தை உடைக்கிறது. கழுதைக்குச் சினையாகிப் பிறக்கும் குட்டிகளில் பத்தில் ஒன்றுக்கு இந்த ஆபத்து உண்டு என்பது கணக்கு. அந்தப் பெட்டைக்கு அது மூன்றாம் ஈத்து. முன் இரண்டும் கழுதைக்குத்தான். நான் அதைக் கேட்கவே இல்லை.

அதன் பிறகு என் வண்டியில் ரத்தம் பார்க்கும் ஒரு கண்ணாடித் தகடும் ஒரு வாய்க்கூடும் எப்போதும் இருந்தன. குட்டி விழுந்ததும் தொப்புள்கொடியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நீர்த்த சீம்பாலோடு கலந்து பார்ப்பேன். திரிதிரியாகக் கட்டிக்கொண்டால் குட்டியின் வாயில் கூடு கட்டிவிட வேண்டும். 36 மணி முதல் 48 மணி நேரம் வரை தாயின் மடியை நெருங்கக் கூடாது. அதற்குள் குடல் அந்தப் பொருளை உள்ளே விடாதபடி மூடிக்கொள்ளும். அதுவரை கழுதைக்கு என்றுமே சினையாகாத வேறு குதிரையின் சீம்பாலை, உறைய வைத்திருந்ததை, வெதுவெதுப்பாக்கிப் புட்டியில் கொடுக்க வேண்டும். தாயின் மடியை இரண்டு மணிக்கு ஒருமுறை கறந்து கொட்ட வேண்டும். குட்டி வாயில் கூட்டோடு தாயின் மடியை முட்டி முட்டிப் பார்க்கும். தாய் திரும்பித் திரும்பி நம்மைப் பார்ப்பாள். அந்த இரண்டு ராத்திரிகள் லாயத்தில் உட்கார்ந்திருப்பது மிகவும் கஷ்டம்.

அதே பெட்டையின் அடுத்த குட்டியை இப்படித்தான் காப்பாற்றினோம். ஆண் குட்டி, சாம்பல் நிறம்.

பதிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலட்டு விலங்குக்கு வம்சாவளி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தாய் சான்றிதழோடு கூடிய உயர்சாதிக் குதிரையாக இருந்தாலும் குதிரையின் வம்சப் பதிவேட்டில் மகனுக்கு இடம் கிடையாது. அதனால் தனிப் பதிவேடுகள் இருக்கின்றன. பொலிகழுதைகளுக்கு 1888லேயே பதிவேடு வந்துவிட்டது. கோவேறு கழுதைகளை 1967இல் தொடங்கிய அமெரிக்கக் கழுதை, கோவேறு கழுதைச் சங்கம் பதிகிறது. உயரம், நிறம், அடையாளங்கள், புகைப்படங்கள் கேட்பார்கள். தாய் தந்தை பெயர் தெரியாவிட்டாலும் பதிந்துகொள்ளலாம். இந்தச் சலுகையால் பலர் தாயின் இடத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டம்தான் தாளிலேயே பயனுள்ள கட்டம் என்பது என் எண்ணம். எந்தப் பெட்டை நல்ல நடையைக் கொடுத்தாள் என்பது ஊருக்குத் தெரிய வேறு வழி என்ன இருக்கிறது? கலிபோர்னியாவில் பிஷப் என்ற ஊரில் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் கோவேறு கழுதைகளுக்கே ஒரு திருவிழா நடக்கிறது. அங்கே போனபோது வென்ற விலங்குகளின் தாய் யார் என்று விசாரித்துக்கொண்டே திரிந்தேன். பாதிப் பேர் தோளைக் குலுக்கினார்கள்.

பழக்குவதற்கு வருவோம். ஆண் குட்டி மலடாயிற்றே, காயடிக்காமல் விடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். மலடாக இருந்தாலும் ஆண் புத்தி குறையாது. சீக்கிரமே காயடித்துவிட வேண்டும். பிறகு கயிறு. குட்டியை நேராக இழுக்கக் கூடாது. கழுத்தை விறைத்துக்கொண்டு நேரே ஓடினால் மனிதனால் நிறுத்த முடியாது என்பதை அது ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் சாகும்வரை மறக்காது. பக்கவாட்டில், தலை நம் பக்கம் திரும்பும்படி இழுத்து, திரும்பியவுடன் விட்டுவிட வேண்டும். இரண்டு வயதில் நீண்ட வாரைப் பிடித்துப் பின்னால் நடந்து பழக்குவோம். மூன்று வயதில் சேணம். முழுப் பாரமும் ஏற்ற நான்கு வயதுக்கு மேல் ஆகட்டும், குதிரையைவிட அது மெதுவாகத்தான் முற்றுகிறது.

சேணத்தில் ஒரு சிக்கல். குதிரைக்கு முன் முதுகில் ஒரு மேடு உண்டு; இதற்கு அது தாழ்வு. இறக்கத்தில் சேணம் கழுத்தை நோக்கி வழுக்கும். அதனால் வாலுக்கு அடியில் ஒரு வார் கொடுத்துச் சேணத்தோடு இழுத்துக் கட்ட வேண்டும். வாலுக்கு அடியில் எதுவும் பட்டால் உதைப்பது அதன் பிறவி நியாயம். பக்கவாட்டிலும் உதைக்கும், குறி தப்பாது. சாம்பல் குட்டிக்கு மெத்தென்ற பருத்திக் கயிற்றில் தொடங்கினேன். கயிறு பட்டவுடன் வாலை இறுக்கிக்கொண்டது. நானும் அசையவில்லை, கயிற்றையும் எடுக்கவில்லை. ஏழெட்டு நிமிடம் கழித்து வால் தளர்ந்தது, பெருமூச்சு விட்டது. அந்த நொடியில் எடுத்துவிட்டேன். இப்படிப் பத்து நாள். பதினோராம் நாள் தோல் வார் ஏறியது.

பயந்தால் குதிரை ஓடும், கழுதை நிற்கும். இதற்குள் இரண்டும் இருக்கின்றன, எது மேலே வரும் என்பது பழக்குகிறவன் கையில். நிற்பதை அடம் என்று அடித்தால் ஓடக் கற்றுக்கொள்ளும்.

நான் ஊர் திரும்பும் முன் அந்தப் பண்ணைக்காரர் சாம்பல் நிறத்தானை என்னிடம் கொடுத்து ஒரு சுற்று போய்வரச் சொன்னார். ஆறு வயது அதற்கு. தாயின் நடை அப்படியே வந்திருந்தது. ஒரு மேடு ஏறி இறங்கினோம், தொப்பிகூட ஆடவில்லை. ஓர் ஓடை வந்தது, முழங்கால் அளவு தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிகிறது. நின்றுவிட்டது. காதை ஒவ்வொன்றாகத் திருப்பியது. தண்ணீரை முகர்ந்தது, மேலே பார்த்தது, மறுபடி முகர்ந்தது. நான் வாரைத் தளர விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் ஆனது. பிறகு ஏதோ அப்போதுதான் ஓடையைப் பார்த்தது போல இறங்கிக் கடந்தது. அங்கே பாம்பும் இல்லை, கம்பியும் இல்லை. எதற்காக நின்றது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஓடையில் நின்றானா என்று மட்டும் கேட்டார் பண்ணைக்காரர். ஆமாம் என்றேன். அவன் அம்மாவும் அங்கேதான் நிற்பாள் என்றார்.

வணக்கம்.