பதிவேடு இருந்தால் பள்ளி இருக்கும்

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். ஒரு பெண்கள் பள்ளி நிலைத்து நிற்கப் பணக் கணக்கும் சேர்க்கைப் பதிவேடும் எப்படித் துணை நிற்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைக்கு வந்தது 1860 நவம்பர் 16. அடுத்த ஒன்பது ஆண்டுக்குள், வெருலம் கரும்புத் தோட்டங்களுக்கு அருகே இனாண்டாவில், 19 ஆப்பிரிக்கப் பெண்பிள்ளைகளோடு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கிற்று. அதுதான் 1869-ல் அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷன் எழுப்பிய இனாண்டா செமினரி. முதல் தலைமையாசிரியை மேரி எட்வர்ட்ஸ் 1927-ல் இறக்கும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. நம் பெண்களுக்கென்று டர்பன் இந்தியப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி வந்ததோ 1930-ல்தான்.

இனாண்டாவைப் பற்றி இங்கே பேசக் காரணம் உண்டு. 1953-ல் கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பை நிறவெறி அரசின் பிடிக்குள் கொண்டுவந்த பாண்டு கல்விச் சட்டம் வந்தபோது மிஷன் பள்ளிகளுக்கு இரண்டே வழி: பள்ளியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் மானியத்தை இழக்க வேண்டும். பெரும்பாலானவை ஒப்படைத்தன, சில மூடின. இனாண்டா மானியத்தை விட்டுவிட்டுத் தனியார் பள்ளியாக நின்றது. 1997-ல் அதை மூடிவிட அதன் பொறுப்பிலிருந்த திருச்சபையே முடிவெடுத்தது. அப்போது பழைய மாணவியர் முன்வந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார்கள். பள்ளி இன்றும் நடக்கிறது. 'இருக்கும் இடத்தில் ஒளி வீசு' என்பது அதன் குறிக்கோள் வாசகம்.

தனித்து நிற்பதென்றால் முதலில் பணக் கணக்கு. இன்று சுயேச்சைப் பள்ளிக்கு, அதாவது அரசு நடத்தாத தனியார் பள்ளிக்கு, அரசு மானியம் உண்டு. பள்ளி லாபநோக்கற்றதாக இருக்க வேண்டும், பதிவு செய்திருக்க வேண்டும், ஒரு முழுக் கல்வியாண்டு நடந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மாகாணம் சராசரியாகச் செலவிடும் தொகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டணம் 50 வரை இருந்தால் மானியம் 60. 50-ஐத் தாண்டி 100 வரை என்றால் 40. 150 வரை 25, 250 வரை 15, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டணம் 50, மானியம் 60, ஆக 110. நிர்வாகக் குழு கட்டணத்தை 51 ஆக்கினால் மானியம் 40-க்கு இறங்கும், மொத்தம் 91. ஒன்றை ஏற்றப்போய்ப் பத்தொன்பது போகிறது! கட்டணம் 70 ஆனால்தான் பழைய 110 திரும்பக் கிடைக்கும். எனவே ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்குமுன் மாகாணத்தின் புதிய சராசரி எவ்வளவு என்று பொருளாளர் கேட்டு வைத்திருக்க வேண்டும். மானியம் தாமதமாக வரும் காலாண்டிலும் ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அப்போது யாரைக் கூப்பிடுவது? பழைய மாணவியரைத்தான்.

அவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? பிளேசர், பேட்ஜ், பரிசளிப்பு விழா எல்லாம் அழகுதான். ஆனால் ஒரு பெண்கள் பள்ளியின் மரபைத் தாங்குவது சேர்க்கைப் பதிவேடு. சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். நம் பெண்களின் சரித்திரம் முழுவதும் அங்கே இருக்கிறது.

நம் ஊரில் பெயர்தான் பெரிய சிக்கல். தாத்தாவின் பெயராக இருந்த முனுசாமியும் பெருமாளும் குமாஸ்தாவின் பேனாவில் குடும்பப் பெயராயின. ஒரே குடும்பத்தில் அக்காவின் பெயர் ஒரு எழுத்துக்கூட்டலில் இருக்கும், தங்கையின் பெயர் வேறொன்றில். கல்யாணமானால் நாயுடு மகள் பிள்ளை ஆகிவிடுகிறாள். ஆகவே பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். சேர்க்கை எண், பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர் மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். கப்பல் பட்டியலில் ஒப்பந்த எண்ணை வைத்துத்தானே ஆயாவின் ஊரைத் தேடிப் பிடிக்கிறோம்!

டர்பன் காற்றின் ஈரம் காகிதத்துக்கு எமன். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தைக் கறைப்படுத்தும். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் எடுத்துவிடுங்கள். புகைப்படத்தின் பின்னால் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும், மென்பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். அலமாரி வெளிச்சுவரை ஒட்டக்கூடாது, அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருக்கட்டும். எழுத்துப் பக்கத்தை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து மூன்று பிரதி வையுங்கள். அதில் ஒன்று பள்ளிக்கு வெளியே, வேறு பேட்டையில் இருக்கட்டும்.

டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் பார்த்திருக்கிறோம். நனைந்த புத்தகத்தை வெயிலில் விரித்தால் தாள் நெளிந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதற்குமுன் மெழுகுத்தாளில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு தெரிந்தவர்களைக் கொண்டு பொறுமையாக உலர்த்தலாம்.

இன்று வந்திருக்கும் பாட்டிமார் ஒவ்வொருவரும் படித்த பள்ளி, சேர்ந்த ஆண்டு, பிறந்த வீட்டுப் பெயர் இம்மூன்றையும் வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். பென்சில் அங்கேயே கட்டியிருக்கிறது.