தாய்க்குருவி கட்டாத கூடு

நண்பர்களே, 'இயற்கையை எழுதுவது எப்படி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது தெரிந்திருந்தால் நானே இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதியிருப்பேன். அதனால் ஓர் இளம் கவிஞரின் கவிதையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தூக்கணாங்குருவியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார் அந்தப் பெண். மரம் வெட்டப்படுகிறது, தாய்க்குருவி பார்த்துப் பார்த்துப் பின்னிய கூடு மண்ணில் விழுகிறது, மனிதா உனக்கு மனமில்லையா என்று முடிகிறது. இந்த மாதிரிக் கவிதைகளை நிறையப் படித்துவிட்டேன். பெரும்பாலும் எந்த மரம், எந்தப் பறவை என்றே இருக்காது. இவர் குருவியின் பெயரையாவது சொல்லியிருந்தார். அதனால்தான் பிழையும் கண்ணில் பட்டது.

தூக்கணாங்குருவியில் கூடு கட்டுவது ஆண். புல்லையும் ஓலையையும் நார்நாராகக் கிழித்துவந்து பின்னும். பாதி முடிந்து, ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போல இருக்கும்போது வேலையை நிறுத்திவிட்டுச் சிறகடித்துப் பெட்டையைக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் முட்டையிடும் அறையும் கீழே நீளும் குழாயும். பிடிக்கவில்லையென்றால் அந்தக் கூடு பாதியிலேயே தொங்கிக் கிடக்கும்.

இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப பறவைப் புத்தகம் படிச்சிட்டுத்தான் கவிதை எழுதணுமா சார்?"

படித்தால் நல்லதுதான். ஆனால் மரத்தடியில் சில நாள் போய் நின்றாலே இதில் பாதி தெரிந்துவிடும். பழைய புலவர்கள் வேறென்ன செய்தார்கள்? சத்திமுத்தப் புலவரின் 'நாராய் நாராய்' பாட்டு எல்லோருக்கும் தெரியும். நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கு என்கிறார். கிழங்கைக் கையால் பிளந்து பார்த்தவருக்குத்தான் அது தோன்றும். நீயும் உன் மனைவியும் குமரியில் நீராடிவிட்டு வடக்கே போவதாக இருந்தால், என் வீட்டில் சேதி சொல்லுங்கள் என்கிறார். ஜோடியாகத் தெற்கே வந்துவிட்டு வடக்கே திரும்புகிற பறவை என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். பாட்டு நாரையைப் பற்றியதே இல்லை. மேலே போர்த்தத் துணியில்லாமல் குளிரில் ஒடுங்கிக் கிடப்பவரின் வறுமை அது.

வெறும் தகவல் கவிதையாகிவிடும் என்று சொல்லவரவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். பாதியில் எனக்கே கண் சொக்கும். நற்றிணை 172-இல் இருப்பது ஒரே ஒரு புன்னை. விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன விதை முளைத்துவிட, நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்தவள், இவள் உங்கள் தங்கை என்கிறாள் அம்மா. அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம். சூழலியல் என்ற சொல்லெல்லாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு எழுதியது. மரத்தை வெட்டாதே என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பெண் கவிதையைத் திருத்திக்கொண்டு வந்தார். தாய்க்குருவியைக் காணோம், மனிதனைத் திட்டும் வரியும் போய்விட்டது. சாய்ந்த மரத்தின் கிளைகளில் பெட்டைகள் பிடிக்கவில்லை என்று விட்டுப்போன அரைக்கூடுகள், நடுவே குஞ்சோடு ஒரு முழுக்கூடு. முதல் வடிவத்தைப் படித்தபோது தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். இதைப் படித்தபிறகு எந்தக் கூட்டைப் பார்த்தாலும் அரையா முழுசா என்று கண் தேடுகிறது.

நேற்று அவர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பாதியில் நிற்கும் கூடு, விளிம்பில் ஓர் ஆண் குருவி. கீழே எழுதியிருந்தார்: "மூணு நாளா பாக்கறேன் சார். இன்னும் யாரும் வரல."