வழி தெரியாத ஜீன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரமில்லை, நேராக வருகிறேன்.

மனித அறிவை வடிவமைப்பதில் விஞ்சி நிற்பது மரபணுவா, வாழ்க்கை அனுபவமா? நான் அனுபவத்தின் பக்கம். ஆனால் எதிரணி நண்பர் தலைப்பை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "மேற்கு மாசி வீதி மேடைக்கு வர இந்த அம்மா ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறார். வழி தெரியும் ஜீனே அந்தக் குடும்பத்தில் இல்லை. அவர் அப்பாவும் இப்படித்தான் அலைந்திருப்பார்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

தொலைந்தது உண்மைதான். மதுரைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு. கிழக்கு மாசி வீதியில் இறங்கி ஒரு வளையல் கடையில் வழி கேட்டேன். "நேரா போய் வலது, மறுபடி வலது" என்றார். திரும்பினேன், திரும்பினேன், திரும்பிக்கொண்டே இருந்தேன். எதிரே ஒரு வளையல் கடை. அதே கடை! "என்னக்கா, வளையல் ஏதும் வேணுமா?" என்றார். வேண்டாம் என்று மறுபடி கிளம்பினேன். மூன்றாவது முறை போய் நின்றபோது மனிதர் பேசவே இல்லை. ஸ்டூலை எடுத்துப் போட்டு, ஒரு டீயும் சொல்லிவிட்டு, தானே போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

ஆட்டோ அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். மேப் கிடையாது. "இந்தப் பக்கம் லோடு இறக்குறாங்க, அந்தப் பக்கம் பூப்புனித நீராட்டு விழா ஊர்வலம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சந்தில் நுழைந்தார், மேடைக்குப் பின்னால் வெளியே வந்தார். "பிறவியிலேயே உங்களுக்கு வழி தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். "நான் பிறந்தது சிவகங்கைம்மா. இங்க வந்த புதுசுல மீனாட்சி கோயிலுக்கே வழி கேட்டவன்" என்றார். கோபுரத்துக்கு அடியில் நின்று கோயில் எங்கே என்று கேட்டவருக்கு எந்த ஜீன், எப்போது வேலை செய்தது?

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட 'நாலெட்ஜ்' என்றொரு தேர்வு உண்டு. நகரின் நடுவில் உள்ள சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் மனப்பாடம் ஆக வேண்டும். மூன்று, நான்கு வருஷம் ஆகும். எலினோர் மக்வயர் என்ற விஞ்ஞானி அந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2000-இல் வெளியிட்டார். வழியை நினைவில் வைக்கிற ஹிப்போகேம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. "பெரிதாகப் பிறந்தவர்கள்தானே அந்த வேலைக்கே வருவார்கள்" என்று நண்பர் முணுமுணுக்கிறார், கேட்கிறது. அதையும் அந்த அம்மா விடவில்லை. பயிற்சிக்கு வந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் செய்தார். அப்போது அவர்களுக்குள் வித்தியாசம் இல்லை. தேறியவர்கள் 39 பேர். பின்னால் எடுத்த ஸ்கேனில் தேறியவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. 2011-இல் வந்த முடிவு இது. தினமும் ஒரே ரூட்டில் போகிற லண்டன் பஸ் ஓட்டுநர்களையும் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. எதிரணியினர் மூன்று பேரும் ஒரே ரூட்டில் பேசியதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் அந்த அமெரிக்க ஓஹியோ இரட்டையர். ஒரே ஜீனோடு பிறந்து, தனித்தனி வீட்டில் வளர்ந்து 39 வயதில் சந்தித்தார்கள். இருவருக்கும் ஜிம் என்றே பெயர், இருவருக்கும் முதல் மனைவி லிண்டா, இரண்டாவது மனைவி பெட்டி என்று நண்பர் உருகினார். ஐயா, ஜிம் என்று பெயர் வைத்தது தத்தெடுத்த பெற்றோர். அது எந்த ஜீன்? ஜீனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'லிண்டாவைக் கட்டு, பிறகு பெட்டியைக் கட்டு' என்று ஜீனில் எழுதியிருக்குமா என்றுதான் கேட்கிறேன்.

சரி, என் அப்பாவுக்கு வருகிறேன். அவர் அலைந்தவர்தான். முப்பது வருஷம் தபால்காரராக சைக்கிளில் அலைந்தவர். 'பெரியம்மா, வேப்பமரத்து வீடு' என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தையும் சேர்த்தவர். அவருடைய ஜீனில் பாதி எனக்கு வந்திருக்கிறது. வழி மட்டும் வரவில்லை. சைக்கிள் மிதித்தது அவர், நான் இல்லையே.

இப்போது அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது. தம்பி வீட்டில் இருக்கிறார். குளியலறைக்கு வழி தெரியாது. என் பெயர் தெரியாது, என்னை "அம்மா" என்கிறார். போன மாதம் காலையில் கையைப் பிடித்து நடக்கக் கூட்டிப் போனேன். ஒரு வீட்டு கேட்டில் நின்று தட்டினார். "சார், போஸ்ட்!" ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். அப்பா வெறுங்கையை நீட்டினார். அந்தப் பிள்ளை ஒரு நொடி என்னைப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் தாத்தா" என்றது.

திரும்பும்போது முச்சந்தியில் எனக்கு இடமா வலமா என்று குழம்பிவிட்டது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். நாலாவது வீடு தம்பி வீடு.

மணி அடிக்க வேண்டாம் நடுவர் அவர்களே, முடித்துவிட்டேன். வணக்கம்.