மார்கழி லீவு: விடியக்கால வாசல் வேலையைப் பிள்ளைங்க கையில குடுங்க

வணக்கம் மக்களே. அரைப்பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு. டிசம்பர் கடைசி வாரத்துல இருந்து புத்தாண்டு வரைக்கும் பிள்ளைங்க முழுநேரமும் வீட்டுலதான். அது மார்கழியும்கூட. நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் மார்கழின்னாலே வாசல்ல கோலம், சாணி உருண்டையில பூசணிப்பூ. இந்தப் பத்து நாளும் அந்த வாசலைப் பிள்ளைங்ககிட்டயே விட்டுரலாம், கூடமாட உதவின்னு இல்ல, பெருக்குறதுல இருந்து பூ வைக்கிறது வரை மொத்தமா. எப்படின்னு இன்னைக்கு விவரமா சொல்லுதேன்.

பாதி வேலை முந்தின நாள் ராத்திரியே முடியணும். காலையில அஞ்சரைக்குப் பிள்ளையை எழுப்பிவிட்டு, அதுக்கப்புறம் நாம கோலப்பொடி டப்பாவைத் தேடிக்கிட்டு இருந்தா அதுக்குத் தூக்கம் திரும்ப வந்துரும். வாசல் விளக்கு எரியுதான்னு பாத்துக்கிடுங்க. வாளி, துடைப்பம், பொடி, பூ வைக்கிற தட்டு எல்லாத்தையும் கதவுப் பக்கத்துல எடுத்து வைங்க. என்ன கோலம்னும் ராத்திரியே முடிவு பண்ணி நோட்டுல ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லுங்க. நோட்டுல கை ஓடாத கோலம் இருட்டுல தரையில ஓடாது.

இப்ப பொடி. இந்தா கேமராவைக் கிட்ட கொண்டு வாரேன், பாருங்க. கடையில வாங்குற வெள்ளைக் கோலப்பொடி கல்லை அரைச்சது. கனம் இருக்கும், அதனால விரல்ல இருந்து சரசரன்னு இறங்கும். வெறும் பச்சரிசி மாவு ரொம்ப நைசா இருக்கும், மார்கழி ஈரத்துல விரல்லயே அப்பிக்கிடும், கோடு விட்டு விட்டு விழும். அதே சமயம் எறும்பும் குருவியும் தின்னணும்னுதானே அரிசி மாவுல கோலம் போட்டாங்க. அதனால ரெண்டையும் கலங்க. ஒரு கிலோ கல்பொடிக்குக் கால் கிலோ அரிசி மாவு. மாவைக் கொஞ்சம் கரகரப்பா, ரவை பதத்துக்குக் கிட்ட திரிச்சுக்கிட்டா இன்னும் நல்லது. கலந்த பிறகு ஒரு தடவை சலிச்சிருங்க, கட்டி இருந்தா கோட்டுல பொத்துனு விழும்.

ஒரு முக்கியமான விஷயம். கல்பொடி பாக்க அப்படியே அரிசி மாவு மாதிரி இருக்கும். அடுப்படியில வைக்கவே கூடாது. டப்பாவும் வேற, இடமும் வேற. அதுக்குன்னு வச்சிருக்கிற கரண்டியைச் சமையலுக்கு எடுக்காதீங்க. மழை ஈரத்துல பொடி நமத்துப் போச்சுன்னா வெயில்ல ஒரு பேப்பர்ல பரப்பிக் காய வைங்க, சமையல் சட்டியில போட்டு வறுக்க வேண்டாம்.

அடுத்தது தரை. பெருக்கித் தண்ணி தெளிக்கிறோம் இல்லையா, கோலம் கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கதான். கோடைகாலத்துல தெளிச்ச தண்ணி ரெண்டு நிமிஷத்துல இழுத்துரும். மார்கழியில தரை ஏற்கெனவே பனியில நனைஞ்சு கிடக்கும், அதே ஒரு வாளித் தண்ணியை ஊத்தினா நிக்கும். அதுமேல பொடி விழுந்தா கரைஞ்சு பால் மாதிரி பரவிரும். அதனால அரை வாளி போதும், தெளிச்சதும் துடைப்பத்தால வழிச்சு ஒதுக்கிருங்க. விளக்கு வெளிச்சத்துல தரை பளபளன்னு மின்னுச்சுன்னா இன்னும் தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். மினுமினுப்பு போய் தரை கருத்து ஈரமா தெரியும் பாருங்க, அதுதான் பதம். சுத்தமா காஞ்ச தரையும் ஆகாது, காத்துல பொடி பறந்துரும்.

பொடி எடுக்கிற விதம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு சிட்டிகை எடுத்துட்டு, பெருவிரலை மெதுவா உருட்டணும். கை தரையைத் தொடக் கூடாது, ஒரு அங்குலம் மேல நிக்கணும். அதுக்கும் மேல தூக்கினா கோடு சிதறி அகலமாயிரும், கீழ இறக்கினா விரல் பட்டு அழியும். குனிஞ்சு போட்டாத்தான் இடுப்புக்கு நல்லதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, பிள்ளைங்க முதல்ல குத்தவச்சே போடட்டும். கை பழகின பிறகு குனியட்டும்.

புள்ளி வைக்கிறதுல ரெண்டு வகை. நேர்ப்புள்ளின்னா ஒரு புள்ளிக்கு நேர் கீழ அடுத்த புள்ளி. இடுக்குப்புள்ளின்னா மேல் வரிசையில ரெண்டு புள்ளிக்கு இடையில, இடுக்குல, கீழ் வரிசைப் புள்ளி வரும். 7 புள்ளி, இடுக்குப்புள்ளி, 4 வரைன்னு நோட்டுல எழுதியிருக்கும். நடுவுல 7, அதுக்கு மேல 6, 5, 4, கீழயும் அதே மாதிரி 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, 36 வந்தா ஒண்ணு விட்டுப்போச்சு. எப்பவும் நடு வரிசையிலதான் ஆரம்பிக்கணும். மேல இருந்து ஆரம்பிச்சா ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சாஞ்சு, கடைசியில கோலம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். இடைவெளிக்கு அளவு பிள்ளையோட நாலு விரல். புள்ளிக்குப் பக்கத்துல கையை வச்சு அளந்து அடுத்த புள்ளி. கண்ணால அளக்குறது பெரியவங்களுக்கே தப்பும்.

சிக்குக் கோலத்தைச் சொல்லாம விட முடியாது, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். 37 புள்ளி வேண்டாம், 5 புள்ளியே போதும். மேல 1, நடுவுல 3, கீழ 1. இந்தா, கையைப் பாத்துக்கிட்டே வாங்க. நடுப்புள்ளிக்கும் மேல்புள்ளிக்கும் இடையில ஒரு வெற்றிடம் இருக்கு பாருங்க. அதுல வலது கீழ் பக்கத்துல இருந்து இடது மேல் பக்கமா சாய்வா ஏறணும். மேல்புள்ளிக்கு இடது பக்கமா போய், தலைக்கு மேல சுத்தி, வலது பக்கமா இறங்கி, ஏறின கோட்டைக் குறுக்க வெட்டி, இடது கீழ் பக்கமா வரணும். இப்ப மேல்புள்ளிக்கு ஒரு காது விழுந்துருச்சு. கையை எடுக்காதீங்க. அப்படியே இடதுபுள்ளிக்குப் போங்க. நடுப்புள்ளிக்கும் இடதுபுள்ளிக்கும் இடையில சாய்வா இறங்கி, அடி வழியா சுத்தி, மேல வந்து, வெட்டி இறங்கு. ரெண்டாவது காது. இதே மாதிரி கீழ்ப்புள்ளி, வலதுபுள்ளி. நாலாவது காது முடியும்போது கோடு ஆரம்பிச்ச இடத்துலயே வந்து சேந்துரும், நடுப்புள்ளி நாலு வெட்டுக்கும் நடுவுல அடைபட்டிருக்கும். ஒரே கோடு, முனையே கிடையாது.

தப்பு எங்க வரும்னா, வெட்டுற இடத்துல. கோடு ரெண்டு புள்ளிக்குச் சரி நடுவுல வெட்டாம ஒரு புள்ளியை ஒட்டிப் போச்சுன்னா ஒரு காது பெருசா, ஒண்ணு சிறுசா வந்துரும். அதுக்கு, புள்ளி வச்ச பிறகு ரெண்டு ரெண்டு புள்ளிக்கு நடுவுல விரலால சின்னதா ஒரு அடையாளம் வச்சுக்கிடச் சொல்லுங்க. ரெண்டு நாள்ல அந்த அடையாளம் தேவைப்படாது. பெரிய பிள்ளைங்களுக்கு இன்னொண்ணு சொல்லுங்க: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் கோலத்துக்கு என்ன இலக்கணம்னு கணக்குப்படி ஆராய்ஞ்சு, கணினி வரைகலை ஆய்விதழ்ல 1974ல கட்டுரையாவே எழுதியிருக்காங்க. கணக்குல ஆர்வம் உள்ள பிள்ளைக்கு இது போதும், விடியக்காலம் தானா எழும்.

கோணலா வந்துச்சுன்னு நாம போய் அழிச்சுத் திருத்தக் கூடாது மக்களே. தெருவுல நாலு பேர் பாக்குறாங்களேன்னு தோணும், தோணட்டும். அது போட்ட கோலம் அன்னைக்கு முழுக்க வாசல்ல கிடக்கணும்.

இனி பூசணிப்பூ. வீட்டுல கொடி இருந்தா ஒண்ணைப் பாத்துப் பறிக்கணும். பூவுக்கு அடியில காம்பைப் பாருங்க. நீளமா மெலிசா இருந்தா ஆண்பூ. காம்பு குட்டையா, பூவுக்கு அடியில குட்டிக் காய் மாதிரி உருண்டையா இருந்தா பெண்பூ, அதைப் பறிச்சா ஒரு பூசணிக்காய் போச்சு. ஆண்பூதான் நிறைய வரும், அதுலயும் ரெண்டு மூணைக் கொடியிலயே விடுங்க, வண்டு வந்து மகரந்தம் எடுக்கணும்ல. பூ விடியக்காலத்துல விரியும், வெயில் ஏறினா சுருங்கிரும். ராத்திரி பறிச்சு வச்ச மொட்டு சரியா விரியாது, கோலம் போட்ட கையோடு போய்ப் பறிக்கிறதுதான் அழகு. பூசணி கிடைக்கலைன்னா பீர்க்கம்பூ, செம்பருத்தி வைக்கலாம்.

சாணி புதுசா இருக்கணும், ஆனா இளகலா இருக்கக் கூடாது. எலுமிச்சம்பழ அளவு உருட்டி தரையில லேசா அழுத்தி, காம்பைச் செருகுங்க. இளகின சாணின்னா பூ சாஞ்சு விழுந்துரும், கொஞ்சம் உமி சேத்துப் பிசைங்க. பசு மாடு பக்கத்துல இல்லாத ஊர்ல இருக்கிறவங்க களிமண்ல பண்ணிக்கிடலாம். வேலை முடிஞ்சதும் பிள்ளைங்க சோப்பு போட்டு நகக்கண் வரை கழுவணும்.

குளிர்ல இருந்து உள்ள வந்த பிள்ளைக்குச் சுக்குக்காப்பி. 4 டம்ளர் தண்ணிக்கு 100 கிராம் கருப்பட்டி, ஒரு விரற்கடை சுக்கு, ஒரு கரண்டி கொத்தமல்லி, பத்து மிளகு. சுக்கையும் மல்லியையும் மிளகையும் ஒண்ணு ரெண்டா தட்டினா போதும், பொடியா அரைச்சா குடிக்கும்போது தொண்டையில கரகரக்கும். கருப்பட்டியை முதல்ல அரை டம்ளர் தண்ணியில தனியா கரைச்சு வடிகட்டுங்க, அடியில மண் நிக்கும் பாருங்க. அதுக்கப்புறம் எல்லாம் சேத்து நாலு டம்ளர் மூணாகுற வரை கொதிக்கட்டும். சின்னப் பிள்ளைன்னா மிளகு அஞ்சு போதும். பால் சேக்கணும்னா அடுப்பை அணைச்சு, கொஞ்சம் சூடு ஆறினப்புறம் சேருங்க. கொதிக்கிற கருப்பட்டியில பாலை ஊத்தினா திரியும்.

லீவு நாள்ல எல்லாரும் கேக்குற கேள்வி, இட்லி மாவு ஏன் பொங்கல? குளிர்தான் காரணம். மாவைப் புளிக்க வைக்கிறது உளுந்துலயும் அரிசியிலயும் இயல்பாவே இருக்கிற பாக்டீரியா, அதுக்குக் கதகதப்பு வேணும். கோடையில 7, 8 மணி நேரத்துல பொங்குற மாவு இப்ப 12, 14 மணி நேரம் எடுக்கும். ராத்திரி ஆட்டினா காலை இட்லிக்கு ஆகாது, சாயங்காலம் 4 மணிக்குள்ள ஆட்டிருங்க. 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். ஐஸ் தண்ணி ஊத்துற பழக்கத்தை இந்த மாசம் விட்டுருங்க, சாதாத் தண்ணி போதும். உப்பு கூடினாலும் புளிப்பு மந்தமாகும். கையாலதான் கலக்கணும். பாத்திரத்தை அரிசி டிரம்முக்குள்ள இறக்கி மூடி வைங்க, சுத்தி அரிசி இருக்கிறதால சூடு வெளிய போகாது. வெந்நீர் மேல வைக்கிறவங்க கவனிக்கணும், கை பொறுக்கிற சூடு போதும். கொதிக்கிற தண்ணி மேல வச்சா அடி மாவு வெந்து கெட்டியாயிரும், மேல பொங்கவே பொங்காது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும், பாட்டிலை வெந்நீர்ல நிறுத்தினா இளகிரும், அடுப்புல வைக்காதீங்க.

கோலத்துல வச்ச பூவை என்ன பண்ணுறதுன்னு கேப்பீங்க. நம்ம பக்கம் அதைத் தூக்கிப் போட மாட்டாங்க. சாயங்காலம் பூவோட சேத்து சாணியைத் தட்டி எருவாட்டியா காய வைப்பாங்க. தை மாசம் பொங்கல் கழிஞ்சு சிறுவீட்டுப் பொங்கல் வருது இல்லையா, வாசல்ல சின்னதா மண் வீடு கட்டி, பிள்ளைங்க பேருல பொங்கல் விட்டு, அந்த எருவாட்டி மேல பொங்கலும் வெத்தலை பாக்கும் வச்சு சூடம் ஏத்தி ஆத்துல விடுவாங்க. ஒவ்வொரு எருவாட்டியும் விரல் கனம் இருந்தா போதும், தடிமனா தட்டினா உள்ள ஈரம் நிக்கும். டிசம்பர் தூறல்ல பூஞ்சை பிடிக்கும், மழை வந்தா உள்ள எடுத்துருங்க, வெயில் அடிச்சா திருப்பிப் போடுங்க. மூணு நாலு வெயில் பட்ட பிறகு ஒண்ணை எடுத்து விரலால சுண்டிப் பாருங்க. டொக்குனு சத்தம் வந்தா காஞ்சிருக்கு, கூடையில அடுக்கிரலாம். மொத்துனு கேட்டா இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும். ஈரத்தோட அடுக்கினா ஆத்துல விட்ட உடனே முங்கிரும், சூடம் ஏத்தி விட்ட பிள்ளை கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்.